பரிமாற்ற எண்ணே முதல் சாட்சி

கேள்வி: என் வாலட்டிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு யுஎஸ்டிடி அனுப்பினேன். இன்னும் கணக்கில் ஏறவில்லை. மலையில் சிக்னல் விட்டுவிட்டு வருவதுதான் காரணமா? பணம் போய்விட்டதா?
– வாசகர், ஜமுனாமரத்தூர், ஜவ்வாது மலை

பதில்: பரிமாற்ற எண் (டிரான்ஸாக்ஷன் ஐடி) கிடைத்திருந்தால் சிக்னலைக் குறை சொல்ல வேண்டாம், அனுப்பியது பெரும்பாலும் உங்கள் போனைத் தாண்டிவிட்டது. அந்த எண்ணை டிரான்ஸ்கேன், ஈதர்ஸ்கேன் போன்ற பொதுத் தளத்தில் தேடுங்கள். ‘நிலுவை’ என்றால் காத்திருங்கள். ‘வெற்றி’ என்றால் முகவரியையும் நெட்வொர்க்கையும் ஒப்பிடுங்கள். டிரான் நெட்வொர்க்கின் முகவரி ‘டி’ (T) எழுத்தில் தொடங்கும். தவறு எளிதில் தெரியும். ஈதீரியம், பிஎன்பி செயின் இரண்டின் முகவரிகளும் ஒரே தோற்றம் கொண்டவை. அதனால் நெட்வொர்க் மாறினாலும் வாலட் தடுக்காது. எக்ஸ்ஆர்பி போன்றவற்றுக்கு டேக் எண்ணும் தேவை. அது விடுபட்டால் பணம் எக்ஸ்சேஞ்சுக்குப் போயும் உங்கள் பெயரில் வரவு வைக்கப்படாது.

‘வெற்றி என்று காட்டினால் போதாதா?’ என்று கேட்கலாம். போதாது. பிளாக்செயின் பதிவு பணம் சேர்ந்த இடத்தைத்தான் சொல்லும். அதன்பின் அது எக்ஸ்சேஞ்சின் பிடியில் இருக்கிறது. 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் களவுபோனபோது, கணக்கில் இருப்பு தெரிந்தவர்களாலும் எடுக்க முடியவில்லை. ஆகவே பரிமாற்ற எண், தொகை, நேரம், நெட்வொர்க் ஆகியவற்றுடன் செயலிக்குள்ளேயே புகாரை எழுத்தில் பதியுங்கள். டெலிகிராமில் ‘மீட்டுத் தருகிறேன்’ என்று வருபவரிடம் வாலட்டின் ரகசியச் சொற்களைத் தராதீர்கள். மோசடி என்று தெரிந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.