யானைக்கால் வீக்கமா? விரலிடுக்கைப் பாருங்கள்

சென்னையின் பக்கிங்ஹாம் கால்வாய் போன்ற அழுக்கு நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுதான் யானைக்கால் புழுவைப் பரப்புகிறது. ஆனால், வீங்கிய காலை மேன்மேலும் பெருக்க வைப்பது பெரும்பாலும் பாக்டீரியா. நிணநீர் வடியாத காலில் அது நுழையச் சிறு வெடிப்பே போதும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும், கால் சிவந்து வலிக்கும். ஒவ்வொரு முறையும் வீக்கம் கூடும்.

கிருமி நுழையும் வாசல் பெரும்பாலும் விரலிடுக்குச் சேற்றுப்புண். தினமும் சாதாரண சோப்பும் பச்சைத் தண்ணீரும் கொண்டு காலைக் கழுவுங்கள். வெந்நீரும் பிரஷும் வேண்டாம். பிறகு ஒவ்வொரு இடுக்கையும் பருத்தித் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். குனிய முடியாத பெரியவர்களுக்கு வீட்டில் யாராவது செய்துவிட வேண்டும். புண் இருந்தால் மருத்துவர் சொல்லும் பூஞ்சை எதிர்ப்புக் களிம்பு தடவுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் அடையாறு, கோட்டூர்புரம் தெருக்களில் தேங்கும் நீரில் இறங்க நேர்ந்தால், வீடு திரும்பியதும் முதல் வேலை கால் கழுவுவதே.

காய்ச்சல் வந்துவிட்டதா? காலை உயர்த்தி, ஈரத்துணி போடுங்கள். நீவிவிட வேண்டாம், உடற்பயிற்சியும் கூடாது. ஆன்டிபயாடிக் தேவைப்படும், அன்றே மருத்துவரிடம் போங்கள்.