வழுவும் வழுக்களைதலும்: ஆதித் தனியாட் கணினிகளின் கருவிகள்

வழு என்னுஞ் சொல் தமிழிலக்கணம் பயில்வார்க்குப் புதியதன்று. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகையாக வழுவைப் பகுத்து நம் இலக்கண நூலார் கூறுவர். கணினி நிரலில் நேருங் குற்றத்துக்கு ஆங்கிலேயர் பூச்சியின் பெயரை வழங்க, தமிழர் இவ்விலக்கணச் சொல்லையே எடுத்தாண்டமை பெரிதும் பொருத்தமுடைத்து. 1947ஆம் ஆண்டு செத்தெம்பர் 9ஆந் திகதி, ஹாவட் மாக் 2 என்னும் பொறியினுள் அகப்பட்ட விட்டிற் பூச்சியொன்றை அங்குப் பணிபுரிந்தோர் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தனர். ஆயினும், பொறிக்குறையைப் பூச்சி என்னும் வழக்கு அதற்கும் முந்தியது. தோமஸ் எடிசன் 1878இலேயே தம் கடிதமொன்றில் அவ்வாறு எழுதியுள்ளார்.

நிரலின்கண் நேரும் வழு இருதிறப்படும். ‘நான் வந்தான்’ என்பது சொல்லமைதி பிறழ்ந்த குற்றம். ‘பசு முட்டையிட்டது’ என்பதிற் சொல்லமைதி செவ்விது, பொருளே பிழைத்தது. முன்னையதை, நிரலைப் பொறிமொழிக்கு மாற்றுந் தொகுப்பி என்னும் மென்பொருள் தானே கண்டு கூறும். பின்னையதை அது கண்டுகொள்ளாது. அதனைத் தேடுதற்கு எழுந்த கருவியே வழுநீக்கி எனப்படும்.

கருவிகளை ஒப்புநோக்குதற்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். மாணவர் பதின்மர்; ஒவ்வொருவர்க்கும் 60 புள்ளி. கூட்டுத்தொகை 600 ஆதல் வேண்டும். நிரல் 88 என விடை தருகின்றது. காரணம் யாது? தொகையை வைத்த இடம் ஒரு பைற்று. அது 255க்கு மேற்பட்ட எண்ணைக் கொள்ளாது. 256ஐ எட்டியதும் மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். 600இல் இருமுறை 256 கழிய எஞ்சுவது 88. இவ்வழுவை ஒவ்வொரு கருவியும் யாங்ஙனம் காட்டும் என்பதே நம் வினா.

1975இல் வெளிவந்த அல்ரெயர் 8800 என்னும் கணினி, 256 பைற்று நினைவகத்துடன் விற்கப்பட்டது. முகப்பிலுள்ள ஆளிகளும் சிறு விளக்குகளுமே அதன் கருவிகள். ஆளிகளை மேலுங்கீழுந் தள்ளிக் கட்டளைகளை உட்செலுத்தி, விளக்குகள் எரிதலும் அணைதலுங் கண்டு விடையை உய்த்துணர்தல் வேண்டும். அதற்குப் பேசிக் மொழியை ஆக்கிய பில் கேற்ஸ், போல் அலன் ஆகியோர் பக்கத்தில் அப்பொறியே இருக்கவில்லை. ஹாவட் பல்கலைக்கழகத்துப் பி.டி.பி.-10 என்னும் பெருங்கணினியில், அல்ரெயரின் உள்ளமான இன்ரெல் 8080 போல நடிக்கும் நிரலொன்றை அலன் எழுத, அதன்மீதே தம் ஆக்கத்தைச் சோதித்தனர். சிறுபொறியின் வழுவைப் பெரும்பொறியிற் களைந்த நெறி இது.

அடுத்து வந்தது, கரி கில்டோல் 1974இல் ஆக்கிய சீ.பி.எம். என்னும் இயக்கமுறைமை. அதனுடன் வந்த வழுநீக்கியின் பெயர் டீ.டீ.ரீ. நுளம்பை ஒழிக்க நம் நாட்டு வீடுகளில் தெளிக்கப்பெற்ற மருந்தின் பெயரும் அதுவே. பூச்சியைக் கொல்வது என்னுஞ் சிலேடையை நாம் எளிதில் உணரலாம். இக்கருவி, நிறுத்தவேண்டிய இடத்திலுள்ள கட்டளையை எடுத்துவைத்து, அவ்விடத்தில் ஒரு பைற்று நீளமுள்ள வேறு கட்டளையை இடும். நிரல் அங்கு வந்ததும் ஆட்சி வழுநீக்கியின் கைக்கு மாறும். எழுதவியலாத நினைவகத்திலுள்ள நிரலுக்கு இம்முறை செல்லாது.

1981இல் ஐ.பி.எம். தனியாட் கணினி தோன்றியபோது, அதன் டொஸ் முறைமையுடன் டிபக் என்னுங் கருவி வந்தது. பொறியின் உள்ளமான 8088, கட்டளைக்கொரு முறை தானே நின்று காட்டும் வசதியுடையது. 8080இல் அது இல்லை. நம் எடுத்துக்காட்டைப் பொறிமொழியில் எழுதி, டிபக்கில் அடியடியாக நடத்தின், பதிவகத்தில் 60, 120, 180, 240 என்பன பதினாறடி எண்களாகத் தோன்றும். ஐந்தாங் கூட்டலில் 44 தோன்ற, அருகே ‘சீ வை’ என்னும் இரண்டெழுத்துக் குறி எழும். இடங்கொள்ளாது எண் மிகுந்தது என்பது அதன் பொருள். வழுவின் காரணமே கண்முன் நிற்கின்றது. ஆயினும் மாறிகளின் பெயர்களை டிபக் அறியாது. எந்த எண் எதனைக் குறிக்கும் என்பதை நிரலர் தம் தாளிற் குறித்துக்கொள்ளவேண்டும்.

1983 நவெம்பரில் போலாண்ட் நிறுவனம் ரேர்போ பஸ்காலை 49.95 டொலருக்கு வெளியிட்டது. எழுதுதலும் தொகுத்தலும் ஓரிடத்தே நிகழ்ந்தன. சொற்குற்றம் நேரின், குற்றமுள்ள இடத்துக்கே அது சுட்டியைக் கொண்டுசெல்லும். இஃது அக்காலத்துப் பெரும்பேறு. எனினும் முதற்குற்றத்துடன் நின்றுவிடும். மற்றைத் தொகுப்பிகள் பல குற்றங்களையும் ஒருங்கே நிரல்படுத்தும். நம் 88ஐப் பற்றி அது வாய்திறவாது. எல்லைச் சோதனை என்னும் வசதியை நிரலர் வேண்டிப் பெற்றாலன்றி அது செயற்படுவதில்லை. அடியடியாக நடத்திக் காணும் வழுநீக்கி 1988இன் ஐந்தாம் பதிப்பிலேயே அதனுட் சேர்ந்தது.

இவற்றின் இடைவெளியை நிரப்பியவை மைக்குரோசொவ்ற்றின் கோட்வியூவும், 1988இல் வந்த ரேர்போ டிபகரும். நிரலர் எழுதிய வரியையே திரையிற் காட்டி, மாறியைப் பெயர்சொல்லிக் காட்டுவன இவை. எந்த வரியில் 240, 44 ஆயிற்று என்பது நொடியிற் புலனாகும். ஆனால் வழுநீக்கியும் நிரலும் 640 கிலோபைற்று நினைவகத்தைப் பங்கிடவேண்டியிருந்தமையால், பெருநிரல்களுக்கு இடம் போதவில்லை. ஆதலின் வழுநீக்கியை வேறொரு கணினியில் இருத்தி, இரண்டையும் வடத்தால் இணைக்கும் வசதியை ரேர்போ டிபகர் அளித்தது. 1985இல் வந்த 80386இல் நான்கு நிறுத்தற்றானங்கள் பொறியிலேயே அமைந்தன. நிரலின் எழுத்தை மாற்றாமலே, குறித்த நினைவிடத்தை எக்கட்டளை தீண்டினும் நிறுத்தலாயிற்று.

எனவே, இவற்றுட் சிறந்தது எது என்று பொதுவாக வினாதல் முறையன்று. சொற்குற்றத்துக்கு ரேர்போ பஸ்கால். வழுவின் இடத்தை அறியக் கோட்வியூ. அதன் காரணத்தை அறிய டிபக் எனத் தேடும் பொருளுக்கேற்பவே கருவியைத் தெரிதல்வேண்டும். ஆயினும், 600 வரவேண்டும் என்பதை இவற்றுள் எதுவும் அறியாது. அதனை அறிந்தவர் நிரலர் ஒருவரே. விடை இன்னதாதல் வேண்டும் எனத் தாளிற் கணித்துவைத்தவருக்கே 88 பிழையெனத் தோன்றும். கணியாதவர் அதனைச் சரியென ஏற்று, மாணவர் பதின்மரின் அறிக்கைகளிலும் எழுதிவிடுவர். இக்காலக் கருவிகள் பல திருத்தத்தையும் தாமே எழுதித் தருகின்றன. அவற்றைக் கையாளும் நம் மாணவர், நிரலை ஓட்டுமுன் எதிர்பார்க்கும் விடையை ஒருமுறை கையாற் கணித்தெழுதும் பழக்கத்தைக் கைவிடாதிருப்பாராக.