சுவரில் ஏறும் ஈரத்துக்கு யார் பொறுப்பு?

கேள்வி: ஐயா, நாங்கள் கிளிநொச்சி நகருக்குக் கிட்ட ஒரு வாடகை வீட்டில் மூன்று வருடமாக இருக்கிறோம். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. வீட்டுக்காரர் கனடாவில். அவருடைய மைத்துனர்தான் மாதா மாதம் வாடகை வாங்குகிறார். வரும்போதே முற்பணமும் கொடுத்தோம். மாரி தொடங்கினால் படுக்கையறைச் சுவர் ஓதம் பிடித்து, கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்துவிடும். ஆறு வயது மகளுக்குக் கார்த்திகையில் தொடங்கும் முட்டு தை வரைக்கும் விடாது. இரவிரவாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியிருக்கிறோம். மைத்துனரிடம் சொன்னால், "நீங்கள் யன்னலைப் பூட்டி வைச்சு, உடுப்பை உள்ளுக்குக் காயப் போடுறீங்கள், அதுதான்" என்கிறார். கடைசியாகக் கேட்டபோது, "விருப்பமில்லையெண்டால் எழும்புங்கோ" என்றார். வாடகையை நிறுத்தலாமா? மருத்துவச் செலவைக் கேட்கலாமா? முற்பணம் திரும்பி வருமா? இன்னொன்று: புதுக்குடியிருப்பில் அம்மாவின் வீடு 2019இல் வீட்டுத்திட்டத்தில் தொடங்கியது. கடைசிக் கட்டக் காசு வரவேயில்லை. பூசாத சுவரில் அங்கேயும் இதே பூஞ்சணம். அதை யாரிடம் கேட்பது?
— வாசகி, கிளிநொச்சி

பதில்: சகோதரி, முதலில் மகளின் படுக்கையை அந்த அறையிலிருந்து இன்றே மாற்றுங்கள். சட்டம் பேசுவது அதற்குப் பிறகு.

உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டல், ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வசிப்போருக்குச் சுவாச நோய்களும் ஆஸ்துமாவும் கூடுவதை எடுத்துக் காட்டியது. பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியாத நுண்வித்துகளைக் காற்றில் விடும். ஏற்கெனவே முட்டு உள்ள பிள்ளைக்கு அதுவே வருத்தத்தைக் கிளப்பிவிடும். பிள்ளைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோரே கூடுதலாகப் பாதிக்கப்படுகிறார்கள். ஆகவே இது சுவரின் அழகு கெட்ட விடயம் அல்ல. வீடு குடியிருக்கத் தகுதியாக இருக்கிறதா என்ற கேள்வி. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது.

ஈரம் வந்த வழியைப் பாருங்கள்

மைத்துனர் சொன்ன காரணத்தை அப்படியே ஏற்கவும் வேண்டாம், அப்படியே மறுக்கவும் வேண்டாம். சுவரைக் கிட்ட நின்று பாருங்கள். யார் பொறுப்பு என்பதைப் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும்.

நிலத்திலிருந்து இரண்டு, மூன்று அடி உயரத்துக்கு ஒரே மட்டமாக ஈரக்கோடு இருந்து, அதன் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்து, கை வைத்தால் பூச்சு உதிர்ந்தால், ஈரம் அத்திவாரத்திலிருந்து மேலே ஏறுகிறது. கட்டும்போது அத்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படை சரியாகப் போடவில்லை, அல்லது வெளியே மண்ணைச் சுவரோடு அணைத்து உயர்த்தியிருக்கிறார்கள். மேலே சீற்றின் ஆணித் துளைக்குக் கீழோ, சுவரும் கூரையும் சந்திக்கும் இடத்திலோ கறை தொடங்கினால் அது கூரை ஒழுக்கு. இந்த இரண்டும் கட்டடத்தின் குறை. நீங்கள் எத்தனை யன்னலைத் திறந்து வைத்தாலும் போகாது.

அலுமாரிக்குப் பின்னால், மூலைகளில், காற்றுப் படாத இடத்தில் மட்டும் கறுப்புப் புள்ளிகள் இருந்தால், வீட்டுக்குள் உண்டாகும் ஈரமும் ஒரு காரணம். அங்கே மைத்துனரின் பேச்சில் ஓரளவு நியாயம் இருக்கலாம். அலுமாரியைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். மழை விட்ட நேரங்களில் யன்னலைத் திறவுங்கள். குசினிப் புகையும் ஆவியும் வெளியே போக வழி விடுங்கள்.

நம்பிக்கையான ஒரு மேசனைக் கூட்டிவந்து காட்டி, ஈரம் எங்கிருந்து வருகிறது, திருத்த எவ்வளவு முடியும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு எது நடந்தாலும் அந்த ஒரு தாள் உதவும்.

சட்டம் என்ன சொல்கிறது

எழுத்தில் ஒப்பந்தம் இல்லையே என்று பயப்பட வேண்டாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் நொத்தாரிசு உறுதி கேட்கிறது. மாதா மாத வாடகை வாய்ப்பேச்சில் இருந்தாலும் செல்லும். வாடகை கட்டிய வங்கிச் சிட்டைகளும் போனில் வந்த செய்திகளுமே உங்கள் வாடகை உறவுக்குச் சாட்சி.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் எல்லா ஊருக்கும் எல்லா வீட்டுக்கும் பொருந்துவதில்லை. அது நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட உள்ளூராட்சிப் பிரதேசத்துக்குள் வீடு இருக்க வேண்டும், விதிவிலக்கான கட்டடமாகவும் இருக்கக் கூடாது. உங்கள் வீட்டின் நிலையை உங்கள் சட்டத்தரணி பார்த்துச் சொல்வார். ஆனால் அந்தச் சட்டம் பொருந்தாவிட்டாலும் நீங்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை. எங்கள் நாட்டின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டப்படி, வாடகைக்குக் கொடுத்த வீட்டை, கொடுத்த நோக்கத்துக்கு, அதாவது குடியிருக்க, ஏற்றதாகக் கொடுப்பதும் அப்படியே பேணுவதும் வீட்டுக்காரரின் கடமை. வீட்டைக் கவனமாகப் பாவிப்பது உங்கள் கடமை. சுருக்கமாகச் சொன்னால், சுவரைத் துடைப்பது குடியிருப்பவர் வேலை. ஈரம் வரும் வழியை அடைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு.

அறிவித்தலில்தான் எல்லாம் தொடங்கும்

வாயால் எத்தனை தடவை சொல்லியிருந்தாலும் நீதிமன்றத்தில் அது "சொன்னேன்", "சொல்லவில்லை" என்ற இழுபறியாகவே முடியும். எழுதுங்கள். பதிவுத் தபாலில் மைத்துனருக்கு ஒன்று, கனடா விலாசத்துக்கு ஒன்று. அதையே படம் எடுத்து வீட்டுக்காரரின் போனுக்கும் அனுப்புங்கள். மைத்துனரிடம் அற்றோணித் தத்துவம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டாலும், வீட்டுக்காரருக்காக வாடகை வாங்குபவரே உங்களோடு அவருக்காகப் பேசுபவர். கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"தங்கள் வீட்டின் படுக்கையறை வடக்குச் சுவர் மழை காலத்தில் நிலத்திலிருந்து ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கிறது. படங்களையும் மேசனின் குறிப்பையும் இத்துடன் இணைத்துள்ளேன். என் மகள் சுவாச வருத்தத்துக்குச் சிகிச்சை பெற்று வருகிறாள். இக்கடிதம் கிடைத்து 21 நாட்களுக்குள் இக்குறையைத் திருத்தித் தரும்படி கேட்கிறேன். தவறினால் சட்டப்படி எனக்குள்ள பரிகாரங்களை நாடுவேன்."

இதில் கோபமும் வேண்டாம், குற்றச்சாட்டும் வேண்டாம். திகதி, இடம், குறை, கால எல்லை என்ற நான்கும் இருக்க வேண்டும். தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். போனில் எடுத்த படங்களை அழிக்காமல் அந்தப் போனிலேயே வைத்திருங்கள்.

அதோடு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுத்தில் முறையிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரை வந்து பார்க்கும்படி கேளுங்கள். வாடகைத் தகராறைத் தீர்ப்பது அவருடைய வேலை அல்ல. ஆனால் தொல்லைகள் தொடர்பான 1862ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் உடல்நலத்துக்குக் கேடான கட்டடங்களையும் கருத்தில் எடுக்கிறது. எந்தப் பக்கமும் சாராத ஒரு அரச அலுவலர் எழுதும் குறிப்பு நீதிமன்றத்தில் கனமாக நிற்கும்.

வாடகையை நிறுத்தலாமா?

நிறுத்த வேண்டாம். இந்த மாதிரி வழக்குகளில் குடியிருப்பவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வாடகை பாக்கி விழுந்தால், பூஞ்சணத்தைப் பற்றிய பேச்சு போய், பாக்கியைக் காட்டி உங்களை எழுப்பும் வழக்கு வந்துவிடும். மைத்துனர் வாங்க மறுத்தால் வீட்டுக்காரரின் கணக்கில் வைப்பிலிடுங்கள். வாடகைச் சட்டம் பொருந்தும் வீடென்றால், உள்ளூராட்சி சபையில் அதற்கென அதிகாரமளிக்கப்பட்டவரிடம் கட்டவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு.

அறிவித்தும் திருத்தாவிட்டால் மூன்று வழி உண்டு. அவசியமான திருத்தத்தை நியாயமான செலவில் நீங்களே செய்து அந்தச் செலவைக் கோரலாம். பாவிக்க முடியாமல் போன அறைக்கு ஏற்ப வாடகைக் குறைப்புக் கேட்கலாம். குறை பாரதூரமானதென்றால் வாடகையை முடித்துக்கொண்டு வெளியேறலாம். எதையும் சட்டத்தரணியிடம் காட்டாமல் வாடகையில் கழிக்க வேண்டாம்.

மருத்துவச் செலவைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். வருத்தம் இந்தப் பூஞ்சணத்தால்தான் வந்தது என்று நிரூபிப்பது கடினம். விறகுப் புகை, தூசி, சளிக் காய்ச்சல் என்று எதிர்த்தரப்பு பல காரணம் சொல்லும். வீட்டுக்காரர் குறையை அறிந்திருந்தார், அல்லது அறிந்திருக்க வேண்டியவர் என்பதையும் காட்ட வேண்டும். அதனால்தான் பதிவுத் தபாலின் திகதி முக்கியமாகிறது. அந்தத் திகதிக்குப் பிறகு "எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்ல முடியாது. கிளினிக் கொப்பியில் எந்தெந்தத் திகதியில் முட்டு வந்தது, வீட்டுச் சூழல் பற்றி வைத்தியர் என்ன குறித்தார் என்பது பதிவாகட்டும். வைத்தியரிடம் வீட்டின் நிலையை நீங்களே சொல்லுங்கள். நட்டஈட்டுக்கான வழக்கை, காரணம் எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்கிறது 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம். வாய்மொழி ஒப்பந்தத்தின்மேல் வரும் கோரிக்கைக்கு மூன்று வருடம்.

முற்பணம் உங்கள் பணம். நீங்கள் செய்த சேதத்துக்கோ பாக்கி வாடகைக்கோ மட்டுமே அதில் கழிக்கலாம். கட்டடக் குறையால் வந்த பூஞ்சணத்தை உங்கள் சேதமென்று கணக்குப் போட முடியாது. தர மறுத்தால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்கு அந்தச் சபையைத் தாண்டித்தான் நீதிமன்றத்துக்கு வர முடியும். செலவும் இல்லை, ஊரில் முகம் முறிவதும் குறைவு.

"எழும்புங்கோ" என்ற சொல் மட்டும் உங்களை எழுப்பாது. முறைப்படி அறிவித்தல் தந்து, நீதிமன்றத் தீர்ப்பு எடுத்துத்தான் வெளியேற்றலாம். பூட்டை மாற்றினாலோ சாமானை வெளியே போட்டாலோ உடனே பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர், இரண்டு மாதத்துக்குள் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்றச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் போனால், இருப்பை மீட்கும் கட்டளையைக் கேட்கலாம்.

அம்மாவின் வீடு

இது உங்கள் அம்மாவுக்கு மட்டும் நடந்ததல்ல. 2018, 2019 காலத்தில் தேசிய வீடமைப்பு அதிகார சபையின் திட்டங்களில் தொடங்கி, ஆட்சி மாறியபின் கட்டக் கொடுப்பனவு நின்று போன வீடுகள் வன்னி முழுக்க நிற்கின்றன. இருந்த தகரக் கொட்டிலைப் பிரித்துவிட்டு, நகையை அடகு வைத்துக் கட்டியவர்கள், பூசாத சுவருக்குள் குடியிருக்கிறார்கள். பூசாத சீமெந்துக் கல் மழையை உறிஞ்சி உள்ளே விடும். அங்கே பூஞ்சணம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை போதிய வீட்டு வசதியை அரசின் கொள்கை நெறியாகச் சொல்கிறது. ஆனால் அதை வைத்து நேரடியாக வழக்காட முடியாது என்று 29ஆம் உறுப்புரை கதவைச் சாத்துகிறது. ஆகவே பிடிக்க வேண்டிய கயிறு அம்மா கையெழுத்திட்ட ஒப்பந்தம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்துக்கு விண்ணப்பம் கொடுங்கள். ஒதுக்கிய தொகை எவ்வளவு, இதுவரை கொடுத்தது எவ்வளவு, மீதி ஏன் நிற்கிறது, எப்போது தரப்படும் என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பிரதேச செயலாளருக்கும் மாவட்டச் செயலாளருக்கும் எழுதுங்கள். பாரபட்சம் தெரிந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகம் இருக்கிறது. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதக் கெடுதான் என்பதால், புதிதாக ஒரு மறுப்புக் கடிதம் வந்தால் தாமதிக்க வேண்டாம். அதே நிலையில் உள்ள அயலவர்களோடு சேர்ந்து போவது நல்லது.

சேர்ந்து கேட்டதால் மாறியதை வடக்கு ஏற்கெனவே கண்டிருக்கிறது. 2016இல் 65,000 உருக்கு வீடுகளை, ஒன்று சுமார் 21 இலட்சம் ரூபா செலவில், அரசு தரப் பார்த்தது. வெக்கை, காற்றோட்டம், உறுதி எல்லாவற்றையும் கேள்வி கேட்டு, மக்களும் பொறியியலாளர்களும் கல்வீடு வேண்டும் என்று நின்றார்கள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

துடைக்கும்போது

காய்ந்த பூஞ்சணத்தைத் தும்புத்தடியால் தட்டவே கூடாது, வித்துகள் வீடெங்கும் பறக்கும். பிள்ளையை வெளியே அனுப்பி, முகக்கவசமும் கையுறையும் போட்டு, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். குளோரீன் பாவித்தால் அதோடு அமிலமோ வேறு துப்புரவுத் திரவமோ கலக்க வேண்டாம், கலந்தால் கிளம்பும் வாயு நுரையீரலைக் கெடுக்கும். துடைக்கும் முன் படம் எடுக்க மறக்க வேண்டாம். ஈரம் நிற்காமல் மேலே வர்ணம் பூசுவது காசுக்குக் கேடு.

வர்ணம் பூசச் சொல்லி அனுப்பப்பட்ட ஒரு தகப்பனின் கதையை இங்கிலாந்து மறக்கவில்லை. றொச்டேல் நகரில் சமூக வாடகை வீட்டில் வாழ்ந்த அவருடைய இரண்டு வயது மகன் ஆவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். நீண்ட காலம் பூஞ்சணத்தோடு வாழ்ந்ததால் வந்த சுவாசப் பாதிப்பே காரணம் என்று 2022இல் மரண விசாரணை முடிவு வந்தது. அதற்கு முன் அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறையைத்தான் குறை சொன்னார்கள். அவன் பெயரால் வந்த விதி 2025 ஒக்டோபர் 27 முதல் அங்கே நடைமுறையில் உள்ளது. சமூக வீடுகளை வாடகைக்கு விடும் நிறுவனங்கள் குறித்த கால எல்லைக்குள் பூஞ்சணத்தை ஆராய்ந்து திருத்த வேண்டும். எங்கள் நாட்டில் அப்படியொரு கால எல்லை சட்டத்தில் எழுதப்படவில்லை. எழுதப்படும்வரை, உங்கள் கடிதத்தில் நீங்கள் போடும் 21 நாள்தான் உங்கள் கால எல்லை.

சட்டத்தரணி வைக்க வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைக்குப் போங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே உதவி உண்டு. கிளினிக் கொப்பி, வாடகைச் சிட்டைகள், படங்கள், மேசனின் தாள், தபால் துண்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொண்டு போங்கள். அடுத்த மாரிக்கு முன் சுவரைத் திருத்த வேண்டுமானால், கடிதம் இந்தக் கிழமையே போக வேண்டும்.