வடகிழக்குப் பருவமழை: ராடார் படத்தின் வெற்றிடத்தை நம்பாதீர்கள்

அக்டோபர் மூன்றாம் வாரம் முதல் டிசம்பர் முடியும்வரை சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தில் இருப்பவர்கள் காலை முன்னறிவிப்போடு நின்றுவிட வேண்டாம். வானம் கறுத்தால் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் ராடார் படத்தையும் பாருங்கள். 2021 டிசம்பர் 30 பிற்பகலில் சென்னையை மூழ்கடித்த மழையை யாரும் அவ்வளவு எதிர்பார்க்கவில்லை. இப்படிப்பட்ட மழை திரள்வதும் கொட்டித் தீர்ப்பதும் சில மணி நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடும்.

சென்னையில் இரண்டு டாப்ளர் ராடார்கள் உள்ளன. துறைமுகத்தில் இருப்பது எஸ்-பேண்ட். சுமார் 10 செ.மீ. அலைநீளத்தில் கடலுக்குள் வெகுதூரம் பார்க்கும். பள்ளிக்கரணையில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவன வளாகத்தில் இருப்பது எக்ஸ்-பேண்ட். 2022 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இதன் அலைநீளம் 3 செ.மீ. அளவு, சுமார் 100 கி.மீ.க்குள் நுணுக்கமாகப் பார்க்கும். பூமி வளைந்திருப்பதால், அரை டிகிரி சாய்வில் கிளம்பும் கற்றை 250 கி.மீ. தாண்டும்போது தரையிலிருந்து ஏறக்குறைய 6 கி.மீ. மேலே போய்விடும், 100 கி.மீ.யில் ஒன்றரை கி.மீ. உயரத்தில்தான் இருக்கும். தாழ்வாகத் திரண்டு பொழியும் நம் கரையோர மேகங்களுக்கு இந்தக் கிட்டப் பார்வை அவசியம்.

ஆனால் எக்ஸ்-பேண்டுக்கு ஒரு பெரிய குறை உண்டு. கனமழை அதன் அலையை வழியிலேயே விழுங்கிவிடும். கற்றை ஒரு பெருமழையைத் துளைத்து அப்பால் போவதற்குள் வலுவிழப்பதால், பின்னால் இருக்கும் மழை வெளிறித் தெரியும், சில நேரம் தெரியாமலே போகும். சிவப்புத் திட்டுக்குப் பின்னால் படம் வெறுமையாக இருந்தால் மழை விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். எஸ்-பேண்ட் படத்தைத் திறந்து அதே இடத்தைப் பாருங்கள். ஸ்ரீஹரிகோட்டா, காரைக்கால் படங்களும் கிடைத்தால் இன்னும் நல்லது.

நிறத்தையும் குறைத்து எடைபோடாதீர்கள். நிறம் காட்டுவது திரும்பி வரும் எதிரொலியின் வலிமையை. 45 டெசிபல் (dBZ) எதிரொலிக்குப் பொதுவான சூத்திரம் மணிக்கு 24 மி.மீ. மழை என்று சொல்லும். வெப்பமண்டல மழைக்கான சூத்திரமோ 56 மி.மீ. என்கிறது. நம் கடல் மேகங்களில் சிறு துளிகள் ஏராளமாக இருப்பதே காரணம். வரைபடத்தில் ஆரஞ்சு தெரிந்தாலே தெரு நிறைய அது போதும்.

ஒரே படத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அடுத்தடுத்து நாலைந்து படங்களைப் பாருங்கள். திட்டு கடலிலிருந்து மேற்கே நகர்ந்துகொண்டிருந்தால் கடந்துபோக வாய்ப்புண்டு. கரையோரம் ஒரே இடத்தில் புதிது புதிதாக முளைத்தால் அதுதான் ஆபத்து. உடனே வண்டியை மேட்டுக்கு மாற்றுங்கள், சுரங்கப்பாதைப் பக்கம் போகாதீர்கள், பள்ளிக்குப் போன பிள்ளைகளை அழைத்துவர எந்த வழி என்று இப்போதே தீர்மானியுங்கள். படத்தில் உலக நேரம் போட்டிருந்தால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் புதிய படமும் பழையதாகத் தோன்றும்.

வானிலை ஆய்வுத் துறையிடமிருந்து மாவட்ட வாரியாக வரும் மூன்று மணி நேர எச்சரிக்கையைத் தவறவிடாதீர்கள். ராடாரோடு மற்றத் தரவுகளையும் சேர்த்துப் பார்த்துத் தருவது அது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் 1070 அல்லது 1077, சென்னை மாநகராட்சிப் பகுதியில் 1913. இந்த எண்களை இன்றே கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.