இந்த மாதப் பாடம்: அடுப்புக் கம்பி ஏன் கோணிப் போகிறது?



வீட்டுக்கு கேஸ் வந்த பிறகும் நெல் அவிக்க, முறுக்கு சுட, விசேஷத்துக்குச் சமைக்க விறகு அடுப்புதான். பலகாரம் செய்யும் குழுக்களுக்குப் போனால் இந்தப் பேச்சு அடிக்கடி வரும்: "போன தீபாவளிக்குத்தான்க்கா புதுசா அடிச்சோம், அதுக்குள்ள கோணிப் போச்சு. பட்டறைக்காரர் மட்டமான கம்பி போட்டுட்டார்." சில இடத்தில் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் முதலில் அடுப்புக்குக் கீழே குனிந்து பாருங்கள்.

விறகு தாங்கும் கம்பித் தட்டுக்கு மேலே தணல். கீழேயிருந்து வரும் காற்றுதான் தீயை எரிய வைக்கிறது, கம்பியையும் கொஞ்சம் குளிர வைக்கிறது. சாம்பல் மேடாகி கம்பியைத் தொட்டுவிட்டால் காற்றுக்கு வழியில்லை. கம்பி செக்கச்செவேல் என்று பழுக்கும். பழுத்த இரும்பு பலம் இழந்து, மேலே உள்ள விறகின் பாரத்திலேயே தொய்ந்துவிடும். காற்று இல்லாததால் புகையும் கூடும், கண் எரியும். அதனால் தினமும் அடுப்பு மூட்டும் முன் சாம்பலை வாரிவிடுங்கள். இதற்குக் காசு செலவே இல்லை!

இன்னொரு காரணம், கம்பியை இறுக்கிப் பதிப்பது. ஒரு அடி நீளக் கம்பி 600 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும். இரண்டு முனையையும் மண்ணிலோ சிமெண்டிலோ இறுக்கி வைத்துவிட்டால் அது எங்கே போகும்? நடுவில் வளையும், இல்லாவிட்டால் அடுப்பையே விரிசல் விடச் செய்யும். ஒரு முனையில் இரண்டு தீக்குச்சி கனத்துக்கு இடம் விட்டு, கம்பியைச் சும்மா எடுத்து வைக்கிற மாதிரி அமையுங்கள். லேசாகத் தொய்ந்தால் மறுநாள் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

கம்பித் தட்டு கோணினால் விறகுதான் வீண். முக்காலி கோணினால் விஷயம் வேறு. அதன் மேலே காய்ந்த எண்ணெய்ச் சட்டி இருக்கிறது. ஆடுகிற காலுக்கு ஓட்டுச்சில்லு கொடுத்து சமாளிப்பதை நிறைய இடத்தில் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். சூட்டில் சில்லு உடையும், நகரும். பக்கத்தில் பிள்ளைகள் நிற்கும். முக்காலி ஆறிய பிறகு சிமெண்ட் தரையில் வைத்து அழுத்திப் பாருங்கள். ஆடினால் அன்றைக்கு அதில் சட்டி ஏற்ற வேண்டாம்.

சாதா இரும்பு என்றால் கொல்லர் பட்டறையில் காய்ச்சி நிமிர்த்தித் தருவார். வார்ப்பு இரும்பை நிமிர்த்த முடியாது. அடித்தால் உடைந்துபோகும், மாற்றத்தான் வேண்டும். ஆனால் கம்பித் தட்டுக்கு அதுதான் நன்றாகத் தாங்கும், வாங்கும்போது விலை கூடினாலும் பரவாயில்லை. ஒன்று மட்டும் கவனம்: சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றி அணைத்தால் விரிசல் விட்டுவிடும்.

காசு மிச்சம் என்று பழைய ஜி.ஐ. தண்ணீர் பைப்பை வெட்டிப் போடுகிறார்கள். அதன் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. அதிகச் சூட்டில் அந்தப் புகையை சுவாசித்தால் குளிர் காய்ச்சல் வரும். அடுப்பில் அது வேண்டவே வேண்டாம்.

தீபாவளி ஆர்டர் எடுக்கும் குழுக்கள் முக்காலியை ஒரு மாதம் முன்னாலேயே பட்டறையில் கொடுத்துவிடுங்கள். செலவைக் குழுக் கணக்கில் அடுப்புப் பராமரிப்பு என்று தனியாக எழுதி வைத்தால், பலகாரத்துக்கு விலை போடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.