தொலைதூர மத்திய அலை கேட்க எந்தக் கருவி?

தொலைவிலுள்ள வானொலி நிலையங்களைத் தேடிப் பிடித்துக் கேட்கும் பொழுதுபோக்கு டி.எக்ஸிங் எனப்படும். அதன் பழமையான களம் மத்திய அலை, அதாவது ஆசியாவில் 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை, 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிலையங்கள் அமைந்த ஏ.எம். அலைவரிசையாகும். பகலில் அயனி மண்டலத்தின் 'டி' அடுக்கு இவ்வலைகளை உறிஞ்சிவிடுகிறது. கதிரவன் மறைந்ததும் அவ்வடுக்கு கலைந்துவிடுவதால், மேலுள்ள அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வந்து சேர்கின்றன. எனவே இரவில் நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்.இ.டி. விளக்கும் கைபேசி சார்ஜரும் இன்வெர்ட்டரும் எழுப்பும் மின் இரைச்சலே நகரவாசியின் முதல் எதிரி என்பதால், கருவிகளை விலையால் ஒப்பிடுவதைவிட, இரைச்சலை எவ்வளவு விலக்குகின்றன என்பதால் ஒப்பிடுவதே பொருத்தம்.

முதல் தேர்வு கையடக்க வானொலிப்பெட்டி. டெக்சன் போன்ற நிறுவனங்களின் டிஜிட்டல் பெட்டிகளில், காந்தப் பொருளாலான ஃபெரைட் தண்டில் கம்பி சுற்றிய ஆண்டெனா உள்ளேயே கிடைமட்டமாக அமைந்திருக்கிறது. தண்டின் பக்கவாட்டுப் பகுதி நிலையத்தை நோக்கும்போது ஒலி வலுக்கும். முனை நோக்கும்போது வெகுவாகத் தேய்ந்துவிடும். இத்தேய்வுதான் டி.எக்ஸரின் உண்மையான ஆயுதம். இலங்கையின் புத்தளத்திலிருந்து 882 கிலோஹெர்ட்ஸில் 400 கிலோவாட் திறனுடன் அமைக்கப்பட்ட டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோவின் அலை, இடையே பெரும்பகுதி கடலாக இருப்பதால் இராமநாதபுரம் கடற்கரையை வலுவாக எட்டி, பக்கத்திலுள்ள 873, 891 ஆகியவற்றை அமுக்கக்கூடும். அப்போது தண்டின் முனையைத் தென்கிழக்கே திருப்பி, அலைப்பட்டையின் அகலத்தைக் குறுக்கும் வடிகட்டியையும் இயக்கினால் மறைந்திருந்த நிலையம் வெளிப்படும். வாங்கும் பெட்டியில் 9 கிலோஹெர்ட்ஸ் படியில் நகர்த்தும் வசதி இருத்தல் இன்றியமையாதது. அமெரிக்க முறையான 10இல் நகர்த்தினால் சென்னையின் 720 சரியாகக் கிடைக்கும், ஆனால் திருச்சியின் 936 கிடைக்காது.

பெட்டிக்குத் துணையாக ஆண்டெனா சேர்க்க விரும்புவோர்க்கு நீள்கம்பி, வளையம் என இரு வழிகள் உள்ளன. தோப்போ வயலோ உடையவர் மின்கம்பிகளிலிருந்து விலகி நீண்ட கம்பியை இழுத்துக் கட்டலாம். அடுக்ககத்தில் அதே கம்பி கட்டடத்தின் இரைச்சல் முழுவதையும் அள்ளி வரும். அங்கே வளையமே உகந்தது. ஏறத்தாழ முக்கால் மீட்டர் பக்கமுள்ள மரச்சட்டத்தில் செப்புக் கம்பியைச் சுற்றி, பழைய ரேடியோவின் கேங் கண்டென்சரை இணைத்து, கேட்கும் அலைவரிசைக்கு அதைத் திருப்பி வைத்தால், பெட்டியோடு எந்தக் கம்பியும் இணைக்காமலே, அருகில் வைத்த மாத்திரத்தில் மெல்லிய குரல் எழுந்து நிற்கும். செலவும் மிகக் குறைவு.

அடுத்த தேர்வான, மென்பொருள் வானொலி எனப்படும் எஸ்.டி.ஆர். கருவி அலைவரிசையைக் கணினித் திரையில் படமாக விரிக்கிறது. நிலையங்கள் பெரும்பாலும் மணி முழுமையடையும் நொடியில் தம் பெயரைச் சொல்கின்றன. கையடக்கப் பெட்டி அந்நொடியில் ஒன்றையே கேட்கும், தகுந்த எஸ்.டி.ஆர். மத்திய அலை முழுவதையும் பதிந்து பின்னர் ஒவ்வொன்றாக ஆராய உதவும். இது பெரும் வரம்தான். எனினும் மலிவான 8 பிட் கருவிகள் உள்ளூர் நிலையத்தின் வலுவில் திணறுகின்றன, மடிக்கணினியின் சார்ஜரே இரைச்சலுக்குக் காரணமாகிவிடுவதும் உண்டு. இணையம் வழியே பிறருடைய ஏற்பியைக் கேட்பது குரல்களைப் பழகிக்கொள்ள நன்று. ஆயினும் அதைச் சொந்த ஏற்பாகக் கொண்டு நிலையத்துக்கு அறிக்கை அனுப்புதல் முறையாகாது.

ஆகவே தொடக்கத்தில் கையடக்கப் பெட்டியும் மரச்சட்ட வளையமும் போதும். நல்ல ஆண்டெனாவும் இரைச்சலற்ற இடமும் அமைந்த பின்னரே எஸ்.டி.ஆர். வாங்குவது பயன்தரும். புதிதாகத் தொடங்குவோர், இடிமின்னல் குறைந்திருக்கும் சனவரி, பிப்ரவரி மாத இரவுகளைத் தேர்ந்து, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பேட்டரியில் இயங்கும் பெட்டியோடு ஒருமுறை கேட்டுப் பார்த்த பின் பணத்தைச் செலவிடுவது நல்லது.