இழுவைப் பெட்டியின் மின்னிணைப்பு

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் பணித்தபோது, சமயமும் இலக்கியமும் எழுத வல்லார் பலர் இருக்க, யான் எதனை எழுதுவது என்று மலைத்தேன். கல்லூரியிற் பௌதிகம் கற்றுப் பின்னர் வாகன மின்வேலையிலேயே காலம் கழித்தவனுக்கு வேறு பொருள் ஏது? ஆதலின், பல்லேபொலயில் நான் கண்ட ஒரு முழ நீள வடத்தைப் பற்றியே எழுதத் துணிந்தேன். ஓமின் விதியைப் பரீட்சைக்கென்று மட்டும் படிக்கும் தம்பிமார் இதனைச் சற்றுப் பொறுமையுடன் வாசிப்பாராக.

பல்லேபொலயில் லொறி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், நம் கல்லூரியில் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவர், உழவு இயந்திரத்தின் பின் ஓடிய இழுவைப் பெட்டி ஒன்றை வாங்கினார். நெல் அறுவடைக் காலத்தில் உழவு இயந்திரத்தோடும், ஏனைய நாள்களில் தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் லொறியோடும் அதனைப் பூட்டலாம் என்பது அவர் கணக்கு. பெட்டியின் பிளக்கு லொறியின் சொக்கற்றிற் பொருந்தவில்லை. எனவே ஒரு கராச்சில் இடையிணைப்பு வடம் ஒன்று செய்வித்தார். வடத்தின் ஒரு தலையில் லொறிக்கு ஏற்ற பிளக்கு. மறு தலையில் பெட்டிக்கு ஏற்ற சொக்கற்று. இரண்டிலும் ஏழு முனைகள். இரண்டிலும் 1 முதல் 7 வரை எண்கள். செய்தவர் ஒன்றை ஒன்றோடும், இரண்டை இரண்டோடுமாக ஏழினையும் ஒழுங்காகத் தொடுத்துவிட்டார். இதனிலும் நேர்மையான வேலை உண்டோ என்று எவரும் எண்ணுவர். பிழை அங்கேதான் இருந்தது.

உழவு இயந்திரங்களிலும் சிறு வாகனங்களிலும் காணும் 12 உவோற்றுச் சொக்கற்று ஐ.எஸ்.ஓ. 1724 என்னும் சர்வதேச நியமத்தைத் தழுவியது. அதில் 1 இடப்பக்கச் சமிக்ஞை, 2 பின்புற மூடுபனி விளக்கு, 3 புவித்தொடுப்பு, 4 வலப்பக்கச் சமிக்ஞை, 5 வலப்பக்க வால்விளக்கு, 6 பிறேக்கு விளக்கு, 7 இடப்பக்க வால்விளக்கு. பெரிய லொறிகளின் 24 உவோற்றுச் சொக்கற்றுக்குரிய நியமம் ஐ.எஸ்.ஓ. 1185. அதிலோ 1 புவித்தொடுப்பு, 2 இடப்பக்க வால்விளக்கு, 3 இடப்பக்கச் சமிக்ஞை, 4 பிறேக்கு, 5 வலப்பக்கச் சமிக்ஞை, 6 வலப்பக்க வால்விளக்கு, 7 துணைவேலைக்குரியது. ஏழில் ஓர் எண்கூட இரண்டிலும் ஒரே தொழிலைச் செய்வதில்லை.

இனி, எண்ணுக்கு எண் தொடுத்தால் நிகழ்வதைப் பாருங்கள். இரவில் லொறியின் விளக்குகளைப் போட்டதும், 6ஆம் முனையால் வரும் மின் பெட்டியின் பிறேக்கு விளக்குகளை ஏற்றுகின்றது. வால்விளக்குகள் எரியவில்லை. ஆயினும் பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகள் பிரகாசமாகத் தெரிகின்றன! “பின்னால் நல்லாத்தானே எரியுது அண்ணே” என்றார் நண்பர். எரிந்தது உண்மை. பிறேக்கை மிதித்தபோது அந்தச் சிவப்பில் ஒரு மாற்றமும் இல்லை. அதற்குப் பதிலாக வலப்பக்க மஞ்சள் விளக்கு இமையாமல் எரிந்தது. வலச் சமிக்ஞை கொடுத்தால் வலப்பக்க வால்விளக்கு இமைத்தது. அந்த 5 உவாற்று விளக்கு 21 உவாற்றுப் பிறேக்கு விளக்கின் அருகே யார் கண்ணுக்கும் படாது. இடச் சமிக்ஞை கொடுத்தாலோ, 3ஆம் முனை வழியே மின் நேரே பெட்டியின் இரும்புச் சட்டத்துக்கும், கொளுவி ஆணியூடாக லொறிக்கும் பாய்ந்து உருகி எரிந்துபோயிற்று. அதன் பின் லொறியின் சொந்தச் சமிக்ஞைகளும் இல்லை.

தம்புள்ளையிலிருந்து ஏ 9 வீதியால் வருபவர் பல்லேபொலப் பக்கம் செல்ல வலப்புறம் திரும்புதல் வேண்டும். பின்னால் வரும் பேருந்து முந்திச் செல்வதும் அதே வலப்புறத்தால்தான். ஒரு மாலை அவ்வாறு திரும்புகையில் பேருந்தொன்று சாணளவு இடைவெளியில் விலகிச் சென்றதன் பிறகே நண்பர் என்னைத் தேடி வந்தார். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இழுவைப் பெட்டியையும் ஒரு மோட்டார் வாகனமாகவே கொள்கின்றது. பின்னால் வருபவன் அறிய வேண்டியவற்றை அப்பெட்டியின் விளக்குகளே சொல்லியாக வேண்டும்.

ஆதலால் எண்ணை மறந்து தொழிலைப் பார்த்துத் தொடுத்தல் வேண்டும். இவ்விடத்து நிறங்கள் உதவும். எண்கள் மாறினும் இரு நியமங்களிலும் நிறவழக்கு ஒன்றே: புவித்தொடுப்பு வெள்ளை, இடச் சமிக்ஞை மஞ்சள், வலச் சமிக்ஞை பச்சை, பிறேக்கு சிவப்பு, இட வால்விளக்கு கறுப்பு, வல வால்விளக்கு கபிலம். ஏழாவதாகிய நீலத்தை, அதன் வேலை இன்னதென்று உறுதிப்படும்வரை தொடுக்காமல் விடுக. லொறிப் பக்கத்தின் 1, 2, 3, 4, 5, 6 என்பன முறையே பெட்டிப் பக்கத்தின் 3, 7, 1, 6, 4, 5 என்பவற்றோடு சேரும். எனினும் பழைய பெட்டிகளில் கைக்குக் கிடைத்த வயரையெல்லாம் ஒட்டிவைத்திருப்பார்கள். நான் பார்த்த பெட்டியிற் பாதிவழியில் பச்சை சிவப்பாக மாறியிருந்தது. முனைக்கு முனை சோதனை விளக்கால் தொட்டுப் பார்த்த பின்னரே நிறத்தை நம்பலாம்.

அடுத்தது உவோற்றளவு. 12 உவோற்று 21 உவாற்றுக் குமிழின் தடை ஏறத்தாழ 6.9 ஓம். அதனை 24 உவோற்றில் மாட்டினால், தடை மாறாதெனக் கொள்ளின், வலு நான்கு மடங்காகி 84 உவாற்றாகும். குமிழ் உடனே கருகும். கராச்சுக்காரர் இதனை அறிந்து 24 உவோற்றுக் குமிழ்களை மாற்றியிருந்தார். அவ்வளவில் அவரைப் பாராட்டவே வேண்டும். ஆனால் அறுவடைக் காலத்தில் அதே பெட்டி உழவு இயந்திரத்தின் 12 உவோற்றுக்குத் திரும்பும்போது அக்குமிழ்கள் மின்மினிபோல மங்கிவிடும். பருவந்தோறும் குமிழ் மாற்றுவார் யார்? 10 முதல் 30 உவோற்று வரை ஏற்கும் எல்.ஈ.டி. விளக்குகள் கடைகளிற் கிடைக்கின்றன, அவற்றையே பூட்டுவித்தேன். அவை மிகக் குறைந்த மின்னை உண்பதால், சில வாகனங்களில் சமிக்ஞை வழமையிலும் விரைந்து இமைக்கும். அதற்கு இமைப்பானை மாற்றினாற் போதும்.

புவித்தொடுப்பைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் இழுவைப் பெட்டிகளின் நோய்களிற் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. ஏனைய வயர் ஒவ்வொன்றும் தன் விளக்கின் மின்னோட்டத்தை மட்டும் சுமக்க, வெள்ளை வயர் எல்லாவற்றையும் சேர்த்துச் சுமந்து திரும்புகின்றது. குமிழ்களை வைத்துக் கணக்கிட்டால், பிறேக்கு, வால்விளக்கு, இலக்கத்தகட்டு விளக்கு, ஒரு சமிக்ஞை யாவும் சேர்ந்து 78 உவாற்று. 12 உவோற்றில் 6.5 அம்பியர். 1.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்பு வயர் 8 மீற்றருக்கு 0.09 ஓம் தடையுடையது. போகும் வயரிலும் திரும்பும் வயரிலுமாக ஏறத்தாழ 0.9 உவோற்று வழியிலே வீணாகி, பிறேக்கு விளக்கின் ஒளியிற் காற்பங்கு குறையும். ஆகையால் வெள்ளை மட்டுமேனும் 2.5 சதுர மில்லிமீற்றரில் இருத்தல் நன்று.

வெள்ளை அறுந்துவிட்டால் கொளுவி ஆணி அதன் வேலையைச் செய்யும். அதுவும் நிற்கும்போது மட்டும். ஓடும்போது ஆணி குலுங்கித் துருவுக்கும் கிறீசுக்கும் நடுவே தொடர்பு விட்டுவிட்டு வரும். அவ்வேளை பிறேக்கு விளக்கின் மின் திரும்ப வழியின்றி, வால்விளக்கின் இழைக்குள் பின்புறமாக நுழைந்து, லொறியின் வால்விளக்குகளூடாக நிலத்தைத் தேடும். பிறேக்கை மிதிக்க வால்விளக்கு மங்கலாக எரிவதும், சமிக்ஞையோடு எல்லா விளக்கும் சேர்ந்து துடிப்பதும் இதனாலேயே. இத்தகைய ஆட்டத்தைக் கண்டால் குமிழைக் கழற்றாதீர்கள். வெள்ளை வயரின் இரு தலைகளையும் பாருங்கள்.

புதிய வடத்தை மாட்டுமுன் ஒவ்வொரு முனையும் தனக்குரிய ஒரே முனையோடு மட்டும் தொடர்புடையதா, அயல் முனையோடு ஒட்டவில்லையா என்று ஓம்மானியாற் பார்த்தோம். பின் கொளுவி ஆணியைக் கழற்றி, பெட்டியை லொறியினின்றும் சற்று விலக்கிவைத்து, வடத்தை மட்டும் மாட்டினோம். அப்போதும் எல்லா விளக்கும் முழு ஒளியோடு எரிந்தால் வெள்ளை வயர் தன் கடமையைச் செய்கின்றது என்று பொருள். நண்பர் முன்னே அமர்ந்து ஒவ்வொன்றாகப் போட, அவர் மகன் பின்னே நின்று உரத்த குரலிற் சொல்லிக்கொண்டிருந்தான். மழைநீர் தேங்காதபடி சொக்கற்றின் வாய் கீழ்நோக்கும்படி வைத்து, முனைகளில் வசிலின் பூசினோம்.

பழைய வடத்தை “இருக்கட்டும் அண்ணே, வேற எதுக்காவது உதவும்” என்று நண்பர் எடுத்து வைக்கப் பார்த்தார். பிளக்கையும் சொக்கற்றையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, வயரை இரண்டாக வெட்டினேன்.